கோவையிலிருந்து அந்தமான்: குடும்பத்தோடு முதல் தடவை தீவுக்குப் போகிறவர்களுக்கு முழு வழிகாட்டி

கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டில் எட்டுப் பேர் சேர்ந்து முதல் தடவை அந்தமான் போனபோது, பழனிக்கும் ராமேஸ்வரத்துக்கும் வேன் பிடிக்கிற பழக்கத்திலேயே திட்டம் போட்டிருந்தேன். காலையில் இரண்டு இடம், மதியம் இரண்டு, சாயங்காலம் ஒன்று. கடைசி நாள் காலையில் நீல் தீவிலிருந்து கப்பல் ஏறி, மதியம் போர்ட் பிளேரில் விமானம் பிடிப்பதாக ஏற்பாடு. அன்றைக்குப் பார்த்துக் காற்று எழும்பிவிட்டது. கப்பல் ரத்து. படகுத்துறையில் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தபோதே எங்கள் விமானம் கிளம்பிப் போய்விட்டது. எட்டு டிக்கெட்டும் வீண். அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரையும் அன்றோடு தீர்ந்திருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு தடவை போய் வந்துவிட்டேன். ஒறம்பரையில், அதாவது சொந்தபந்தத்தில், யார் கிளம்பினாலும் இப்போது என்னிடம்தான் கேட்கிறார்கள். எல்லோரிடமும் முதலில் சொல்வது இதைத்தான்: தரையில் போகும் பயணத்துக்கு நேரம் குறிப்பது நாம்; தீவில் நேரம் குறிப்பது கடல். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விடும் தேதி நம் கையில் இல்லை. முறை வரும்போது பாய்ச்சிக்கொள்வதற்குக் காட்டை, அதாவது வயலை, தயாராக வைத்திருப்பது மட்டும்தான் நம் வேலை. தீவுப் பயணத்தையும் அப்படித்தான் திட்டமிட வேண்டும்.

முதலில், எந்தத் தீவு

நம் பக்கத்திலிருந்து யோசிக்கிறவர்களுக்கு நான்கு தீவுகள் கண்ணில் படும். லட்சத்தீவு தூரத்தில் பக்கம்தான். கொச்சியிலிருந்து கப்பலும் உண்டு, அகத்திக்கு விமானமும் உண்டு. ஆனால் உள்ளே போக முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், தங்குமிடமும் குறைவு. மாலத்தீவுக்குப் பாஸ்போர்ட் வேண்டும். இந்தியர்களுக்கு அங்கே இறங்கியதும் விசா கிடைத்துவிடும், ஆனால் அது பெரும்பாலும் ஜோடியாகப் போய் ஒரே விடுதியில் இருந்துவிட்டு வருகிற இடம். இலங்கைக்கு ஒரு வாரம் வேண்டும், அதில் பாதி ரோட்டிலும் ரயிலிலும் போய்விடும்.

பெரியவர்கள், பொடுசுகள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு முதல் தடவை போவதற்கு அந்தமான்தான் சரி. பாஸ்போர்ட் வேண்டாம். போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல் ஆகிய இடங்களுக்கு இந்தியர்களுக்குத் தனி அனுமதியும் தேவையில்லை. அசல் ஆதார் போதும். தமிழ்க் குடும்பங்கள் அங்கே நிறைய இருப்பதால் இந்தி தெரியாவிட்டாலும் சமாளித்துவிடலாம்.

பெயர்களில் குழம்ப வேண்டாம். ஹேவ்லாக் 2018 டிசம்பரில் சுவராஜ் தீவு ஆனது, நீல் தீவு ஷஹீத் தீவு ஆனது, ராஸ் தீவுக்கு நேதாஜியின் பெயர் வைத்தார்கள். போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். டிக்கெட்டில் ஒரு பெயரும் ஆட்டோக்காரர் வாயில் இன்னொரு பெயரும் வரும். இரண்டும் ஒரே ஊர்தான்.

எந்த மாதம்

நம் வீடுகளில் பயணத்துக்கு நாள் குறிப்பது பள்ளிக்கூட லீவு. இடைஞ்சலும் அங்கேதான் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை கேரளாவைத் தொடுவது ஜூன் முதல் தேதி வாக்கில் என்றால், அந்தமான் கடலுக்கு மே மூன்றாவது வாரமே வந்துவிடும். ‘பரீட்சை முடியட்டும், ரிசல்ட் வரட்டும், மே கடைசியில் போகலாம்’ என்று தள்ளிப் போட்டால் மழையில் மாட்டுவீர்கள். கோடை லீவில்தான் முடியும் என்றால் ஏப்ரல் கடைசி, மே முதல் பத்து நாள், அதற்குள் போய்த் திரும்பிவிடுங்கள். வெயில் கடுமையாக இருக்கும், புழுக்கமும் சேரும். ஆனால் அந்த நாட்களில் கடல் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும்.

காலாண்டு லீவு வேண்டவே வேண்டாம். செப்டம்பர் கடைசியில் தென்மேற்கு மழை விட்டிருக்காது; அதன் பின்னாலேயே வடகிழக்கு மழையும் புயல் மாதங்களும் வந்துவிடும். அரையாண்டு லீவில் கடல் ஓரளவு நன்றாக இருக்கும், ஆனால் கூட்டமும் விலையும் உச்சத்தில் நிற்கும். டிசம்பரை முழுதாக நம்பவும் முடியாது. 2016 டிசம்பர் முதல் வாரத்தில் காற்றழுத்தத் தாழ்வால் ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கடற்படையும் கடலோரக் காவல்படையும் போய்த்தான் அவர்களை மீட்டுக்கொண்டு வந்தன.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் இல்லாத குடும்பமானால் யோசிக்கவே வேண்டாம்: பொங்கல் கழிந்து பங்குனி வரைக்கும். தண்ணீர் கண்ணாடியாக இருக்கும், பவளப்பாறை தெளிவாகத் தெரியும். மஞ்சள் வெட்டும் அதே மாதங்களில்தான் வருகிறது என்பதால் காட்டு வேலை இருக்கிறவர்களுக்கு இது இடிக்கும். எங்கள் மாமன் வீட்டில் மஞ்சள் வேகவைத்துக் காயப்போட்டுவிட்டு மார்ச்சில் கிளம்பினார்கள். கடலும் நன்றாக இருந்தது, அறைகளும் சுலபமாகக் கிடைத்தன.

டிக்கெட்: எதை முதலில் எடுப்பது

வரிசை முக்கியம். முதலில் சென்னை–போர்ட் பிளேர் விமானம். அடுத்து தீவுகளுக்கு இடையிலான கப்பல். அதற்குப் பிறகுதான் அறை. நம் ஆட்கள் அறையை முதலில் பிடித்துவிட்டுக் கப்பலுக்கு அலைவார்கள். கப்பலில் இடம் இல்லாவிட்டால் அறை இருந்தும் பிரயோஜனம் இல்லை.

கோயம்புத்தூரிலிருந்து விமானத்திலேயே போவதானால் சென்னையிலோ பெங்களூருவிலோ மாற வேண்டியிருக்கும். இரண்டு விமானமும் ஒரே பி.என்.ஆர் எண்ணில் இருக்கும்படி பார்த்து எடுங்கள். முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினால் அப்போதுதான் விமான நிறுவனம் பொறுப்பேற்கும். தனித்தனியாக எடுத்தால் சில நூறு ரூபாய் மிச்சமாகும், தவறினால் முழு டிக்கெட்டும் போய்விடும்.

ரயிலில் சென்னை போய் அங்கிருந்து பறப்பது செலவு குறைந்த வழி. ஈரோட்டிலிருந்து ஏற்காடு எக்ஸ்பிரஸ், கோவையிலிருந்து சேரன், மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் எல்லாமே ராத்திரி வண்டிகள். முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும் என்பதால் விமானத்தை அதற்கும் முன்பே எடுத்து வைத்துவிடலாம். ஆனால் போர்ட் பிளேர் விமானங்கள் பல காலையிலேயே கிளம்பிவிடும். அன்று காலையில் சென்ட்ரலில் இறங்கி ஓடிப் பிடிப்பதாகத் திட்டம் போடாதீர்கள். முந்தின நாளே சென்னை போய்ச் சேருங்கள். சென்ட்ரலிலிருந்து விமான நிலையத்துக்கு மெட்ரோ நேராகவே போகிறது, பெட்டியோடு பஸ் ஏறி இறங்க வேண்டியதில்லை. அங்கிருந்து பறக்கும் நேரம் இரண்டே கால் மணி வாக்கில்.

சென்னையிலிருந்து கடல் கப்பலும் உண்டு. கிட்டத்தட்ட மூன்று நாள் ஆகும். வாலிபப் பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்து போனால் அது தனி அனுபவம். பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்ல மாட்டேன்.

தீவுகளுக்கு இடையில் அரசுக் கப்பலும் ஓடுகிறது, தனியார் வேகக் கப்பல்களும் ஓடுகின்றன. போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக்குக்குத் தனியார் கப்பலில் ஒன்றரை மணி நேரம். அரசுக் கப்பலில் கூடுதலாக ஆகும், ஆனால் விலை மிகவும் குறைவு, மேல்தளத்தில் நின்று காற்று வாங்கவும் விடுவார்கள். அந்தத் தீவுகளில் குடியிருக்கும் மக்களுக்கு அதுதான் டவுன் பஸ் என்பதை மறக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்கும் காலேஜுக்கும் போகிறவர்களுக்குத்தான் அங்கே முதலிடம்.

நாட்களை எப்படிப் பிரிப்பது

ஆறு ராத்திரி வைத்துக்கொள்ளுங்கள். நான்கு ராத்திரியில் ‘பேக்கேஜ்’ தருகிறவர்கள் உண்டு, அதில் பாதி நேரம் படகுத்துறையிலேயே கழிந்துவிடும்.

முதல் நாள் போர்ட் பிளேர், சாயங்காலம் செல்லுலார் சிறை. இரண்டாம் நாள் காலைக் கப்பலில் ஹேவ்லாக், அங்கே இரண்டு ராத்திரி. பிறகு நீல் தீவில் ஒரு ராத்திரி. கடைசி இரண்டு ராத்திரியும் போர்ட் பிளேரில். இந்தக் கடைசி இரண்டைத்தான் எல்லோரும் வெட்டப் பார்ப்பார்கள். வெட்டாதீர்கள். குறைந்தது ஒரு ராத்திரியாவது, விமானத்துக்கு முந்தின நாள், விமான நிலையம் இருக்கும் தீவில் இருந்தே ஆக வேண்டும். கப்பல் ரத்தானால் தாங்கிப் பிடிப்பது அந்த ஒரு நாள்தான். ரத்தாகாவிட்டால் ராஸ் தீவு, நார்த் பே, சிடியா டாப்பு என்று பார்க்க வேண்டியவை அங்கேயே இருக்கின்றன. பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் தென்னை மரங்களோடு ஒரு கடற்கரை இருக்குமே, அது நார்த் பே பக்கத்துக் காட்சிதான். அம்மா தன் சுருக்குப் பையிலிருந்த ஒரு நோட்டை எடுத்து நீட்டிப் பிடித்து, கலங்கரை விளக்கத்தோடு ஒத்துப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றார்.

இன்னொன்று, சூரியன். கடிகாரம் நமக்கும் அந்தமானுக்கும் ஒன்றுதான், ஆனால் தீவு நமக்கு வெகு கிழக்கே இருக்கிறது. கோயம்புத்தூரைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே அங்கே பொழுது விடியும், முன்னதாகவே சாயும். டிசம்பரில் சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். மதியம் சாப்பிட்டுக் கொஞ்சம் படுத்து எழுந்து நான்கரைக்குக் கடற்கரைக்குக் கிளம்பினால் இருட்டைத்தான் பார்ப்பீர்கள். காலையில் ஐந்தரைக்கு எழுந்துவிடுங்கள். நம் ஊரில் பால் கறக்க எழுந்து பழகினவர்களுக்கு இது பெரிய விஷயமே இல்லை. காலை ஆறிலிருந்து ஒன்பது வரை கடற்கரை கிட்டத்தட்ட உங்களுக்கே சொந்தம்.

அறை எங்கே பிடிப்பது என்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஹேவ்லாக்கில் கடற்கரைகளை எண் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். விடுதிகள் பெரும்பாலும் கிழக்குக் கரையில், 3, 5 எண் கடற்கரைகளில் இருக்கும். படத்தில் வாசலிலேயே கடல் தெரியும். ஆனால் அங்கே தண்ணீர் ஆழமில்லாதது. வற்றம் வந்தால் கடல் வெகுதூரம் உள்வாங்கி, பாறையும் சேறுமாகக் கிடக்கும். குளிக்க நல்ல இடம் மேற்குக் கரையிலுள்ள ராதாநகர், அதாவது 7-ஆம் எண். அறைக்கும் அதற்கும் எவ்வளவு தூரம், வண்டி கிடைக்குமா என்று கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள்.

ஏற்றம், வற்றம் இரண்டையும் தெரிந்துகொண்டு போனால் பாதி ஏமாற்றம் குறையும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை கடல் ஏறும், இரண்டு தடவை வற்றும். நேரம் தினமும் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி வரை தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். நீல் தீவில் இயற்கையாக அமைந்த பாறைப் பாலம் ஒன்று இருக்கிறது. அதன் அடிவரை நடந்து போக வற்றத்தில் மட்டும்தான் முடியும். விடுதிக்காரரிடம் முந்தின நாள் ராத்திரியே ‘நாளைக்கு வற்றம் எத்தனை மணிக்குங்க?’ என்று கேட்டு, அதை வைத்து அடுத்த நாளை அமைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி கட்டும்போது

உள்நாட்டு விமானத்தில் பெரும்பாலும் ஆளுக்கு 15 கிலோ பெட்டி, 7 கிலோ கைப்பை. தாராளமாகப் போதும்.

நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஓர் எச்சரிக்கை. கொப்பரையைப் பெட்டியில் வைக்காதீர்கள். காங்கயம், பெருந்துறைப் பக்கம் வீட்டுக்கு வீடு கொப்பரை கிடக்கும். துவையலுக்கு ஆகும் என்று நாலு மூடியைத் துணியில் சுற்றி வைத்துவிடுவோம். எண்ணெய்ப் பசை அதிகம் இருப்பதால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று விமானங்களில் தடுத்து வைத்திருக்கிறார்கள். ஸ்கேனில் கண்டுபிடித்தால் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள், அதற்குள் வரிசை போய்விடும். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டிக்குள் போடக் கூடாது.

தின்பதற்குப் பருப்புப் பொடி, எள்ளுப் பொடி, ஒரு சின்னப் பொட்டலம் அரிசியும் பருப்பும். சமையலறை தருகிற விடுதியாக இருந்தால் மூன்றாம் நாள் ராத்திரி ஓர் அரிசிம்பருப்புச் சோறு போட்டுவிடலாம். பெரியவர்கள் முகம் மலர்ந்துவிடும். மற்றபடி போர்ட் பிளேரில் இட்லி, தோசை தாராளமாகக் கிடைக்கும். சின்னத் தீவுகளில் சைவச் சாப்பாடு குறைவாகவே இருக்கும், விலையும் கூடும். காய்கறி பலதும் கப்பலில் வர வேண்டிய இடம் அது.

மருந்துகளை இரண்டு பங்காகப் பிரித்து, ஒன்று பெட்டியில், ஒன்று கைப்பையில். தேவைப்படுவதைவிட நான்கு நாள் கூடுதலாகவே எடுங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். போர்ட் பிளேரில் பெரிய அரசு மருத்துவமனை இருக்கிறது. ஹேவ்லாக்கில் ஆரம்ப சுகாதார நிலையம்தான்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. சேலையோடும் துப்பட்டாவோடும் கடலில் இறங்க வேண்டாம். நனைந்த துணி காலைச் சுற்றினால் நீந்தத் தெரிந்தவராலும் எழ முடியாது. லெக்கிங்ஸும் முழுக்கை டீ சர்ட்டும் போதும். வெயிலுக்கும் காப்பு, உடம்பெல்லாம் கிரீம் பூச வேண்டியதும் இல்லை. சில சன் ஸ்கிரீன் ரசாயனங்கள் பவளத்தைக் கெடுக்கும் என்பதால் துணியால் மூடிக்கொள்வதே மேல். மோதிரத்தை அறையில் கழற்றி வைத்துவிடுங்கள். தண்ணீரில் விரல் குளிர்ந்து மெலிந்தால் தானாக நழுவும். தாலிக்கொடியை உள்ளே விட்டு ஊக்குக் குத்திக்கொள்ளுங்கள்.

கொசு விரட்டிக் களிம்பு கட்டாயம். கொசுவைவிடத் தொல்லை கடற்கரையில் இருக்கும் மணல் ஈ. கடிக்கும்போது தெரியாது, அடுத்த நாள் தடித்து அரிக்கும், ஒரு வாரம் ஆனாலும் அடங்காது. மணலில் நேரடியாகப் படுக்காமல் ஒரு பவானி ஜமக்காளத்தை விரித்துக்கொள்ளுங்கள். மணல் உதறுவதற்கும் அதைப் போலச் சௌகரியமானது எதுவும் இல்லை.

பணம் ரொக்கமாகக் கொஞ்சம் இருக்கட்டும். சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில் வந்த பிறகு இணையம் எவ்வளவோ தேவலை, போர்ட் பிளேரில் போனில் பணம் அனுப்புவதில் சிரமமில்லை. சின்னத் தீவில் சிக்னல் போனால் இளநீர்க்காரருக்குக் கொடுக்கச் சில்லறை வேண்டும்.

கப்பலில் வாந்தி

வேகக் கப்பல் மூடிய ஏசி பெட்டி. அலை இருந்தால் வயிற்றைப் புரட்டும். மலைப்பாதையில் ஊட்டி பஸ்ஸில் யாருக்கெல்லாம் வருமோ, அவர்களுக்கு இங்கேயும் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் கேட்டு மாத்திரை வாங்கி, ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும். புரட்ட ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை. வெறும் வயிறும் ஆகாது, பொங்கலும் வடையும் ஆகாது. இரண்டு இட்லி போதும். கப்பலின் நடுவில், பின்பக்கமாக உட்காருங்கள், முன்பக்கம்தான் அதிகம் தூக்கிப் போடும். போனைப் பார்க்காமல், தூரத்தில் வானமும் கடலும் சேரும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் தலை சுற்றல் குறையும்.

கடலில் இறங்கும்போது

இந்த வழிகாட்டியில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். நம் பக்கத்து ஆட்களுக்கு நீச்சல் தெரியும். கிணற்றில் சுரைப்புருடையை (காய்ந்த சுரைக்குடுக்கை) கட்டிக்கொண்டு குதித்தோ, வாய்க்கால் மதகடியில் விழுந்தோ பழகியவர்கள். அந்தத் தைரியத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் நிற்கிற தண்ணீர். களைத்தால் பிடிக்கப் படிக்கல் இருக்கும். வாய்க்கால் ஒரே பக்கம் ஓடும்; போனால் கொஞ்ச தூரம் தள்ளி ஒரு கரையில் ஒதுங்கலாம். கடலுக்கு அந்த இரண்டு குணமும் இல்லை.

ராதாநகர் கடற்கரையில் முழங்கால் தண்ணீரில் நின்றபோது அம்மா என் கையை இறுக்கிக்கொண்டு கேட்டார்: “ஏஞ்சாமி, இது வாய்க்காத் தண்ணியாட்ட இழுக்குமா?”

“இழுக்குமுங்கம்மா. கைய விட்றாதீங்க.”

அவர் காலடி மணலை அலை அரித்துக்கொண்டு போவது எனக்கும் தெரிந்தது. உள்ளங்காலுக்குக் கீழே குழி விழுந்து, குதிகால் இறங்கி, உடம்பு பின்னால் சாயும். முழங்கால் அளவிலேயே இப்படி என்றால் இடுப்பளவில் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அலைகள் தொடர்ந்து தண்ணீரைக் கரையில் கொண்டு வந்து கொட்டுகின்றன. கொட்டிய தண்ணீர் திரும்பிப் போயாக வேண்டும். வயலில் தேங்கிய தண்ணீர் மடை எங்கே இருக்கிறதோ அங்கே கூடி வேகமாக வெளியேறுமல்லவா, அதேபோல் கடலடி மணலில் பள்ளம் இருக்கும் இடத்தில் தண்ணீர் கூடிக் கடலுக்குள் பாயும். அந்த ஓட்டம்தான் ஆளை இழுத்துக்கொண்டு போவது. மேலே இருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடையும், நடுவில் ஓர் இடம் மட்டும் உடையாமல் சலனமற்று இருக்கும். கலங்கலும் நுரையும் உள்நோக்கிப் போகும். விவரம் தெரியாதவர்கள் அலை இல்லாத நல்ல இடம் என்று பிள்ளைகளை அங்கேதான் இறக்குவார்கள்.

சிக்கிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தாதீர்கள். பலசாலியும் ஐந்து நிமிடத்தில் களைத்துவிடுவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்துங்கள், மடை அகலம் குறைவுதான். வெளியே வந்ததும் அலை உடையும் இடத்தின் வழியாகக் கரைக்கு வரலாம். நீந்த முடியவில்லையா, மல்லாந்து மிதந்தபடி கையைத் தூக்கி ஆட்டுங்கள். உப்புத் தண்ணீர் கிணற்றுத் தண்ணீரைவிட நன்றாகத் தூக்கிக் கொடுக்கும். உயிர்காப்பாளர் இருக்கும் கடற்கரையில், அவர் இருக்கும் நேரத்தில், கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள். ஓடைகள் கடலில் கலக்கும் முகத்துவாரம், அலையாத்திக் காட்டு ஓரம் இவற்றில் எப்போதும் கூடாது. அந்தமானில் உவர்நீர் முதலைகள் உண்டு. எச்சரிக்கைப் பலகையை யாரோ பயமுறுத்த வைத்ததாக நினைக்க வேண்டாம்.

அந்தமான் நிலநடுக்கம் அதிகம் வரும் பகுதியும்கூட. 2004 டிசம்பர் 26-ஐ மறக்க முடியாது. கரையில் இருக்கும்போது தரை பலமாக ஆடினாலோ, கடல் வழக்கமில்லாமல் உள்வாங்கினாலோ, செருப்பைக்கூடத் தேடாமல் மேட்டுக்கு ஓடுங்கள் என்று பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள்.

தண்ணீருக்கு அடியில்

ஹேவ்லாக்கின் எலிபெண்ட் கடற்கரையில் முகமூடி மாட்டிப் பவளம் பார்க்கலாம். கண்ணாடி அடிப் படகில் பெரியவர்களும் பார்க்கலாம். ஸ்கூபாவுக்கு நீச்சல் தெரிய வேண்டியதில்லை. பயிற்றுநர் கூடவே பிடித்துக்கொண்டிருப்பார். பத்து வயதுக்குக் கீழே கூடாது. ஆஸ்துமா, இதய நோய், காது நோய், கர்ப்பம் இவற்றில் எதையும் மறைத்துப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஸ்கூபா செய்த அன்றே விமானம் ஏறக் கூடாது. ஆழத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், விமானத்தில் அழுத்தம் குறையும்போது குமிழியாகி மூட்டையும் நரம்பையும் தாக்கும். ஒரு முழு நாள் இடைவெளி வையுங்கள். கடைசி ராத்திரிகளைப் போர்ட் பிளேரில் வைக்கச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

செல்லுலார் சிறை

1896-இல் கட்டத் தொடங்கி 1906-இல் முடித்த சிறை இது. ஏழு சிறகுகளாக விரிந்த கட்டடம், மொத்தம் ஏறக்குறைய எழுநூறு தனி அறைகள். இன்று மூன்று சிறகுகள்தான் மிச்சம். அங்கே கைதிகளை ஆட்ட வைத்த செக்கைப் பார்க்கும்போது நம் ஊர் நினைவுக்கு வரும். வ.உ.சி.க்கு 1908-இல் தீவாந்தரத் தண்டனைதான் விதித்தார்கள், ஆனால் அந்தமானுக்கு அனுப்பாமல் கோயம்புத்தூர்ச் சிறையில் அடைத்துச் செக்கிழுக்க வைத்தார்கள். பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிட்டு அந்த அறைகளுக்குள் கூட்டிப் போங்கள். என் மகன் ஓர் அறைக்குள் போய் நின்று, கதவை மூடச் சொல்லி, உயரத்தில் இருந்த சின்ன சன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தான். இரவு ஒலி ஒளிக் காட்சிக்கு டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். மாடிப்படி அதிகம், முழங்கால் வலி இருக்கிறவர்கள் கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பாராடாங் போகலாமா

சுண்ணாம்புக் குகை பார்க்கப் பாராடாங் தீவுக்கு வண்டி ஏற்பாடு செய்வதாக எல்லா ஏஜென்டும் சொல்வார்கள். விடிவதற்கு வெகு முன்பே கிளம்பி, ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று, போலீஸ் காவலோடு ஜாரவா பழங்குடி மக்களின் காட்டு வழியாகப் போகும் சாலை அது. அந்த மக்கள் சில நூறு பேர்தான் இருக்கிறார்கள். அவர்களைப் படம் எடுப்பதும், எதையாவது கொடுப்பதும், வண்டியை நிறுத்துவதும் சட்டப்படி குற்றம். நமக்குச் சாதாரணமாக வந்து போகிற காய்ச்சல்கூட அவர்களுக்கு எமனாகலாம். நான் போகவில்லை, போகச் சொல்லவும் மாட்டேன். ஒருவர் வீட்டு வாசல் வழியாக வேனில் போய், அவர்கள் தெரிகிறார்களா என்று எட்டிப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த நாளை ஹேவ்லாக்கில் கூட்டிக்கொள்ளுங்கள்.

திரும்பும் நாள்

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி எல்லோருடைய பையையும் பாக்கெட்டையும் தட்டிப் பாருங்கள். பவளத் துண்டு, உயிருள்ளதோ செத்ததோ, எடுத்து வருவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். சங்கு வகைகள் பலவும் அப்படியே. விமான நிலையத்தில் ஸ்கேன் செய்து எடுத்துவிடுவார்கள். கடையில் வாங்கியதானால் ரசீது இருக்க வேண்டும். காலியாகத் தெரியும் சங்குக்குள் துறவி நண்டு குடியிருக்கும் என்பதும் ஒரு காரணம். என் மகள் டிராயர் பாக்கெட்டில் ஒரு சின்ன வெள்ளைச் சங்கை ஒளித்து வைத்திருந்தாள். அறையில் மேசைமேல் வைத்த கொஞ்ச நேரத்தில் அது நகர ஆரம்பித்தது. ராத்திரி எட்டு மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் கடற்கரைக்கு நடந்து போய், ஈர மணலில் அதை விட்டுவிட்டு, அது தண்ணீர்ப் பக்கம் ஊர்ந்து போகும் வரை நின்று பார்த்துவிட்டு வந்தோம்.

சென்னையில் இறங்கி ராத்திரி ரயில் பிடிப்பதானால், விமானம் இறங்கும் நேரத்துக்கும் ரயிலுக்கும் நடுவில் குறைந்தது ஐந்து மணி நேரம் இருக்கட்டும். ஊருக்கு வந்ததும் செருப்பு, முகமூடி, பெட்டியின் ஜிப் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். உப்பு ஏறிய ஜிப் ஒரு மாதத்தில் இறுகிவிடும்.